காஞ்சனன் மனைவியைத் தூக்கிக்கொண்டு பறக்காதது ஏன்? (இரட்டைக் காப்பிய உலகில் மந்திரமும் பயணமும்)

குமுளிப்பனி:
போன சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஜீப் ஓட்டினேன். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் புலிக்காட்டுக்குள்ள சாமி கும்பிட விடுவாங்க. பின்சீட்டுல கம்பத்துப் பாட்டி ஒண்ணு. ஜீப் பள்ளத்துல விழுந்து எந்திரிச்சதும், "பாவம், மதுரையிலேர்ந்து நடந்தே வந்தா. போகும்போதுதான் விமானம் வந்துச்சு. அதை வரும்போதே அனுப்பியிருக்கலாம்ல?"ன்னுச்சு. வண்டியே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு நின்ன பிறகும் கேள்வி நிக்கலை.

மழைக்காலத்துல சவாரி கம்மி. சிலம்பையும் (சிலப்பதிகாரம்) மேகலையையும் (மணிமேகலை) உரையோட படிச்சு முடிச்சேன். ரெண்டையும் ஒரே உலகமா வெச்சுப் பேசுவோம். அப்பன் கோவலன் கதை ஒண்ணு, மக மணிமேகலை கதை ஒண்ணு. எது முந்தி, எந்தச் சமயம் பெருசு, இதெல்லாம் இங்க வேண்டாம்.

என்னைக் குடையுறது இதுதான். சண்பை நகரத்துல பூப்பறிச்சுக்கிட்டு இருந்த சுதமதியை மாருதவேகன்னு ஒரு வித்தியாதரன் (மந்திரத்தால வானத்துல பறக்குற இனத்தான்) வானத்து வழியாத் தூக்கிட்டு வந்து புகார்ல விட்டுட்டுப் போயிடுறான். அப்ப ஆளைத் தூக்கிப் பறக்க வித்தியாதரனுக்கு முடியும். ஆனா காயசண்டிகை? பொதியில் மலைப் பக்கம் ஆத்தங்கரையில முனிவர் வெச்சிருந்த நாவல்கனியைத் தெரியாம மிதிச்சா. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா பழுக்கிற கனி. சாபம் விழுந்துச்சு: பறக்குற மந்திரம் மறந்துபோச்சு, பன்னிரண்டு வருஷம் யானைத்தீப் பசி, எவ்வளவு தின்னாலும் அடங்காத பசி. புருஷன் காஞ்சனன் பக்கத்துலயே நிக்கிறான், அவனும் வித்தியாதரன், அவன் மேல சாபம் எதுவும் இல்ல. தூக்கிட்டுப் போகவேண்டியதுதானே? "தரைவழியாப் புகாருக்குப் போ"ன்னு அனுப்பிட்டு, வருஷம் ஒருக்கா இந்திர விழாவுக்கு மட்டும் வந்து பார்த்துட்டுப் போறான். என்ன மனுஷன் இவன்?

லயத்துப்பையன்:
அண்ணே, சிம்பிள். ரெண்டு பேரைத் தூக்கினா மானா (கேம்ல வர்ற மந்திர சக்தி) டபுளா செலவாகும். பொதியில்லேர்ந்து வடக்கு மலை வரைக்கும் தாங்காது.

நாவல்கனி:
தம்பி, இந்த உலகத்தில் மானா என்று ஒன்று கிடையாது. பறந்து களைத்துப்போனவர் என்று ஒருவரைக் காட்டு பார்ப்போம். மணிமேகலை புகாரிலிருந்து கடல் கடந்த சாவகத்துக்குப் பறக்கிறாள், அங்கிருந்து மணிபல்லவம், அப்புறம் வஞ்சி, அப்புறம் காஞ்சி. ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. இங்கே மந்திரம் என்பது பெட்ரோல் மாதிரி தீர்கிற சரக்கே அல்ல. வாய்ப்பாடு மாதிரி. தெரிந்தால் தெரியும், மறந்தால் போச்சு. அதனால்தான் சாபம் அவள் கையையோ காலையோ முடக்கவில்லை, ஞாபகத்தில் கைவைத்தது. பறக்கிறவளைத் தரையில் கட்டிப்போட இதைவிடச் சிக்கனமான வழி ஏது?

(என் பெயருக்கும் அந்தப் பழத்துக்கும் சம்பந்தம் உண்டு. மிதித்துவிடாதீர்கள்.)

வேங்கடத்தான்:
நான் சித்தூர்க்காரன். அக்கா, நீங்களும் சித்தூர்னு முன்னாடி ஒருதடவை எழுதின ஞாபகம். எந்த மண்டலம் பக்கம்?

நாவல்கனி:
நான் பாலக்காட்டுச் சித்தூர், தம்பி. நீங்கள் ஆந்திரச் சித்தூர். நடுவில் ஒரு தமிழ்நாடே கிடக்கிறது.

வேங்கடத்தான்:
ஐயையோ! சரி, ரெண்டும் எல்லைதான், பரவாயில்லை.

விஷயத்துக்கு வர்றேன். சிலம்போட கடலாடு காதையில ஒரு வித்தியாதரன் தன் காதலியோட இந்திர விழா பார்க்கப் புகாருக்குப் பறந்து வர்றான். வழியெல்லாம் டூரிஸ்ட் கைடு மாதிரி காட்டிக்கிட்டே வர்றான்: இமயம், கங்கை, உஞ்சை (உஜ்ஜயினி) நகரம், விந்தத்து அடவி, வேங்கடம், பிறகு காவிரி நாடு. எங்க மலை அதுல இருக்குங்கிற பெருமைக்காகச் சொல்லலை. இது ஒரு வான்வழி. வரிசை மாறாம வடக்கேயிருந்து தெற்கே வருது, இன்னிக்கு மேப்புல வெச்சாலும் பொருந்துது. அதுல விந்தியம் இருக்கு பாருங்க, அங்கதான் என் சந்தேகம். மேகலை கதைப்படி விந்தியத்துக்கு மேல பறந்தா அந்த மலையைக் காக்குற தெய்வம் விந்தாகடிகை பிடிச்சு வயித்துக்குள்ள போட்டுக்குவா. காயசண்டிகை அப்படித்தான் முடிஞ்சா. அப்ப இந்த ஜோடி எப்படித் தப்பிச்சுது?

குமுளிப்பனி:
அது நல்ல கேள்வி. அடவின்னா காடு. மலைக்கு மேல போகாம காட்டுப் பக்கமா சுத்தி வந்திருப்பாங்க. எங்க ஊர்ல யானை நிக்கிற வளைவுன்னு தெரிஞ்சா லைட்டை அணைச்சு, ஹாரனும் அடிக்காம ஒதுங்கி நிப்போமே, அது மாதிரி.

பழைய வாத்தியார்:
நண்பர் சொல்வது பாடத்தோடு ஒத்துப்போகிறது. கந்திற்பாவை (தூணில் இருந்து பேசும் தெய்வப் பாவை) காஞ்சனனிடம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். வானத்தில் செல்வோர் விந்தமலையின் உச்சிக்கு மேலே போவதில்லை, ஏனெனில் அங்கே அந்தரி (கொற்றவை) இருக்கிறாள்; யாராவது போனால் மலையைக் காக்கும் விந்தாகடிகை சினந்து, 'சாயையின் வாங்கி' வயிற்றில் இட்டுக்கொள்வாள் என்கிறது. சாயை என்றால் நிழல். பறப்பவரின் நிழலைப் பிடித்து இழுக்கிறாள். ஆகவே எல்லா வித்தியாதரருக்கும் தெரிந்த விலக்கு இது. தெற்கே வந்தபோது காயசண்டிகையும் சுற்றித்தான் வந்திருப்பாள். பன்னிரண்டு ஆண்டு மறந்து கிடந்த மந்திரம் திரும்பக் கிடைத்தவுடன், ஊர் போகும் அவசரத்தில் நேர்கோட்டில் பறந்துவிட்டாள் என்று கொள்வதே பொருத்தம். மந்திரம் திரும்பியது, வழி திரும்பவில்லை.

லயத்துப்பையன்:
வாத்தியாரய்யா செம. அப்ப அது நோ-ஃப்ளை ஜோன்! எனக்கு ஒரு ஐடியா. நிழலைத்தானே பிடிக்கிறா? ராத்திரி போனா நிழல் ஏது? இல்லன்னா வண்டிப்பெரியாறு மாதிரி பனி மூடின நேரம் பார்த்துப் போகணும். இங்க காலையில லயத்துலேர்ந்து வெளிய வந்தா என் நிழலை நானே பார்த்து நாலு நாள் ஆச்சு.

குமுளிப்பனி:
பனியில எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியாது, உனக்கு மலை உச்சி தெரியுமா? பிடிக்காம விட்டாலும் பாறையில போய் முட்டுவே.

வேங்கடத்தான்:
நிலா வெளிச்சத்துல நிழல் விழும் தம்பி. அமாவாசைதான் பார்க்கணும்.

நாவல்கனி:
நிழல் ஆராய்ச்சியை நீங்கள் மூவரும் நடத்துங்கள். எனக்கு அந்த முடிவில் உறுத்துவது வேறு. பன்னிரண்டு வருஷம் தன் வயிற்றோடு போராடினாள். மணிமேகலை போட்ட ஒரு பிடிச் சோற்றில் அது அடங்கியது. அடங்கின உடனே வேறொருத்தியின் வயிற்றுக்குள் போய் அடங்கினாள். மணிமேகலை எழுதிய சாத்தனாருக்கு இரக்கமே இல்லை என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும்.

சரி, உருமாற்றத்தையும் சேர்த்துப் பேசலாமா? பயணத்தோடு அதுவும் கட்டுண்டது. எங்கள் பக்கம் ஒடியன் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. பாட்டி சொல்வாள்: ஒடியன் மருந்தைக் காதோரம் தடவிக்கொண்டு காளையாவான், எருமையாவான், ஆனால் எங்கேயோ ஒரு குறை வந்துவிடும், காலோ வாலோ சரியாக அமையாது, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று. மணிமேகலையின் மந்திரத்தில் அந்தக் குறை இல்லை. காயசண்டிகை வடிவம் எடுத்தபோது கட்டின கணவனே ஏமாந்தான், அந்த ஏமாற்றத்தில்தான் அவளைத் துரத்திவந்த சோழ இளவரசன் உதயகுமரன் மேல் வாள் விழுந்தது. என் கணக்கு இது: மருந்தால் மாறினால் தடயம் நிற்கும், மந்திரத்தால் மாறினால் நிற்காது.

இன்னொன்று. அந்த மந்திரத்தை மணிமேகலா தெய்வம் ஏன் கொடுத்தது என்று கவனித்தீர்களா? நீ இளையவள், வளையல் அணிந்தவள், உன்னிடம் யாரும் பெரிய விஷயம் பேசமாட்டார்கள், அதனால் வேறு வடிவம் எடுத்துக்கொள் என்கிறது. வஞ்சியில் அவள் முதிய மாதவன் (துறவி) வடிவில் போய்த்தான் சமயவாதிகளைக் கேட்கிறாள். பறப்பதற்கும் உருமாறுவதற்கும் சேர்த்தே ஒரே மந்திரம் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தனியாக ஒரு பெண் ஊர் விட்டு ஊர் போகவேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். நான் வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு ராத்திரி பஸ் ஏறும்போதெல்லாம் இரண்டாவதை நினைத்துக்கொள்வதுண்டு.

லயத்துப்பையன்:
வஞ்சின்னா கொடுங்கல்லூர்தானே அக்கா? அப்ப மேகலை கேரளாவுக்கு வந்திருக்கா!

வேங்கடத்தான்:
கரூர்னு படிச்சேனே.

மட்டுறுத்துநர்:
கரூரா கொடுங்கல்லூரா என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். போன வருஷம் இதே கேள்வியால் ஒரு இழையையே பூட்டவேண்டி வந்தது. இரு பக்கத்தாரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

குமுளிப்பனி:
கணக்குப் பிரியர் யாராச்சும் வேகத்தைப் பார்த்தீங்களா? மணிமேகலா தெய்வம் புகார் உவவனத்துல மணிமேகலையைத் தூக்கி, தென்திசையில முப்பது யோசனை (பழைய தூர அளவு) போய் மணிபல்லவத்துல வெச்சிட்டுப் போகுது. ராத்திரி தூக்கினது, விடியும்போது மணல்ல கண் முழிக்கிறா.

வேங்கடத்தான்:
நான் போட்டுப் பார்த்தேன் அண்ணா. மணிபல்லவம்னா நயினாதீவுன்னு பலபேர் சொல்றாங்க. அதை வெச்சுக்கிட்டா பூம்புகார்லேர்ந்து நேர் தெற்கு, சுமார் 170 கி.மீ. முப்பதால வகுத்தா ஒரு யோசனைக்கு 6 கி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவு. யோசனையை 12, 13 கி.மீ.-ன்னு வைக்கிறவங்களும் இருக்காங்க. அப்படி வெச்சா தெய்வம் புத்தளத்தையே தாண்டிப் போயிருக்கும், அங்க புத்தரோட பாதபீடிகையை எங்க தேடுறது? அதனால சின்ன யோசனைதான். ராத்திரி முழுக்க 170 கி.மீ. பார்த்தா பெரிய வேகமில்லை, எங்க ஊர்லேர்ந்து சென்னை போற பஸ்ஸே அதைவிடச் சீக்கிரம் போயிடும். தூங்குற பிள்ளை முழிச்சுக்கக் கூடாதுன்னு மெதுவாப் போயிருக்குமோ என்னவோ.

லயத்துப்பையன்:
டெலிபோர்ட் இல்லையா இந்த உலகத்துல? சிலம்போட காடுகாண் காதையில பிலம் (குகை) வருதே, அது போர்ட்டல்தானே?

பழைய வாத்தியார்:
இல்லை தம்பி. மாங்காட்டு மறையோன் சொல்வதை நிதானமாகப் படி. அவனே குடமலைப் பக்கத்துக்காரன், நம் மேற்கு மலையாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மதுரைக்கு வழி கேட்ட கோவலனுக்கு மூன்று வழி சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால்குன்றம். அங்கே பிலத்துக்குள் மூன்று பொய்கை: புண்ணிய சரவணத்தில் முழுகினால் இந்திரன் இயற்றிய நூல் தெரியும், பவகாரணியில் முழுகினால் பழம்பிறப்பு தெரியும், இட்டசித்தியில் முழுகினால் நினைத்தது கிடைக்கும். கதவில் வரோத்தமை நிற்பாள், கேள்வி கேட்பாள், சரியான விடை சொன்னால் திறப்பாள். இத்தனை இருந்தும் அந்தப் பிலம் யாரையும் மதுரைக்குக் கொண்டுபோய்விடாது. முழுகி எழுந்தாலும் நடந்துதான் போகவேண்டும்.

கூடவே வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் அதற்குச் சொல்லும் பதில்தான் எனக்குப் பிடித்தது. இந்திரனின் நூலை எங்கள் ஆகமத்திலேயே காணலாம். முற்பிறப்பின் வினையை இப்பிறப்பிலேயே பார்க்கலாம். வாய்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்க்குக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது என்று மூன்று குளத்தையும் மூன்றே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறார். மந்திரம் தெரியாதவர் அல்லர். உறையூர்ப் புறத்தில் வாய்த்துடுக்காகப் பேசிய இருவரை நரியாக்கியவர், கண்ணகியும் கோவலனும் இரங்கிக் கேட்டதும் பன்னிரண்டு மாதம் என்று எல்லை வைத்தவர். அந்தச் சக்தி உள்ளவர் மதுரைக்குக் கால் கொப்புளிக்க நடந்தார்.

குமுளிப்பனி:
மூணு வழின்னதும் எனக்குக் கம்பம்தான் ஞாபகம் வந்துச்சு. குமுளி ஏத்தம், கம்பம்மெட்டு, போடிமெட்டு. அந்த மறையோன் இன்னிக்கு இருந்தா ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப் ஸ்டாண்டுல நின்னு, "அந்த வழி போகாதீங்க, மண்சரிவு"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாரு.

நடுவழியில மோகினி மாதிரி ஒரு கானுறை தெய்வம் மாதவியோட தோழி வயந்தமாலை வடிவத்துல வரும்ல, தண்ணிக்கு ஒதுங்கின கோவலன்கிட்ட. அவன் பாய்கலைப்பாவை மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான். இதைப் படிச்சதும் தோணுச்சு: கோவலனுக்கு ஒரு மந்திரம் தெரிஞ்சிருக்கு, அதுவும் மாயத்தை உடைக்கிற மந்திரம். பறக்கத் தெரியலை, அவ்வளவுதான். தெரிஞ்சிருந்தா சிலம்பே இல்ல.

வேங்கடத்தான்:
பறக்க முடியறவங்களும் எல்லாத்துக்கும் பறக்கலையே அண்ணா. சாவகத்துலேர்ந்து மணிபல்லவம் போகும்போது மேகலை வானத்துல போறா, சாவக ராசா புண்ணியராசன் கப்பல்ல வர்றான். ஒரு மாசம் நாட்டைப் பார்த்துக்கோன்னு அமைச்சர்கிட்ட ஒப்படைச்சுட்டுக் கிளம்புறான். அவளால ஆளைத் தூக்க முடியாதுன்னு நினைக்கிறேன். அமுதசுரபியைத் தூக்கிட்டுப் பறப்பா, ராசாவை முடியாது. தெய்வத்துக்கும் பிறவி வித்தியாதரனுக்கும் தூக்க முடியும், மந்திரம் வாங்கின மனுஷிக்குத் தன்னை மட்டும்தான்.

நாவல்கனி:
முடியாது என்று எங்கும் சொல்லவில்லையே. ஒரு ராஜாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது அவளுக்கும் அழகில்லை, அவனுக்கும் அழகில்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று உண்மை. பறந்து போகிற எல்லா இடத்துக்கும் இந்த உலகத்தில் கப்பல் வழியும் இருக்கிறது. மணிபல்லவத்தில் புண்ணியராசனின் முற்பிறப்பான ஆபுத்திரன் பட்டினி கிடந்து செத்தது மந்திரத் தீவு என்பதால் அல்ல, இரவில் அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் கிளம்பியதால். சாதுவன் என்ற வணிகன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கினபோது அவனைக் காப்பாற்றியது மந்திரமா? நாகர் பாஷை தெரிந்திருந்தது, அவ்வளவே. இரண்டு பாஷைக்கு நடுவே வாழ்கிற நமக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டாம்.

லயத்துப்பையன்:
எல்லாம் சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு யாரும் பதிலே சொல்லலை. காஞ்சனன் ஏன் தூக்கலை?

பழைய வாத்தியார்:
சொல்கிறேன். 'பல நாள் ஆயினும் நிலனொடு போகி' என்றுதான் அவன் அனுப்புகிறான். கல்நெஞ்சன் பேச்சுப் போல இருக்கும். ஆனால் அதற்கு முன்னே என்ன நடந்தது? பழங்களைக் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தான். பசி தீரவில்லை. அப்புறம்தான் தமிழகத்தில் ஒரு நகரம் உண்டு, ஆற்றாதவர்க்குத் துணையாகும் பெருஞ்செல்வர் அங்கே இருக்கிறார்கள், அங்கே போ என்கிறான். வடக்கே காஞ்சனபுரத்துக்குத் தூக்கிப் போயிருக்கலாம். போய்? அங்கே யார் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீக்குச் சோறு போடுவார்கள்? வித்தியாதர நகரத்தில் மந்திரம் கிடைக்கும், சோறு போடும் அறச்சாலை இருந்ததாக நூலில் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது பறக்கும் கணவன் அல்ல, கொடுக்கும் ஊர்.

குமுளிப்பனி:
வாத்தியாரய்யா, ஊர் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் புகாருக்கே தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? அங்கயும் நடந்துதானே போகச் சொல்றான். இதுல அவனை நான் விடமாட்டேன்.

பழைய வாத்தியார்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாபம் பெற்றவள் வானில் ஏறவே கூடாது என்று ஒரு விதி இருந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

நாவல்கனி:
எனக்கு ஊகமே வேண்டாம், அவன் பயந்தான். பசித்த யானையை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

லயத்துப்பையன்:
அக்கா 😂

சரி, எனக்குக் கடைசியா ஒண்ணு. மேகலைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்துட்டுத் தெய்வம் வானத்துல ஏறிடுச்சு. அப்புறம் 'மறந்ததும் உண்டு'ன்னு திரும்ப இறங்கி வந்து, பசி தீர்க்குற மந்திரத்தையும் கொடுத்துட்டுப் போகுது. தெய்வம் மறக்குமா? எழுதினவர் மறந்துட்டு அப்புறம் ஒட்டவெச்ச மாதிரி இருக்கு.

வேங்கடத்தான்:
அந்த மந்திரம் இல்லன்னா உதயகுமரனோட அம்மா ராசமாதேவி புழுக்கறையில அடைச்சப்பவே கதை முடிஞ்சிருக்கும். மறந்து கொடுத்ததுதான் உயிரைக் காப்பாத்துது.

குமுளிப்பனி:
தம்பி, உங்க அம்மா உன்னை மறந்து அனுப்பினதே இல்லையா? நான் லோயர் கேம்ப் வளைவு வரைக்கும் வண்டியை இறக்கியிருப்பேன். பின்னாடி வர்ற ஜீப்ல எங்கம்மா தூக்குச்சட்டி கொடுத்தனுப்பியிருக்கும். லைசென்ஸ், போன், எல்லாத்தையும் முதல்லயே எடுத்துக் கொடுத்துட்டுச் சோத்தை மட்டும் மறந்திருக்கும். நான் அந்த வரியைப் படிச்சுச் சிரிச்சது அதனாலதான்.

அடுத்த சித்திரைக்கு வர்றவங்க இப்பவே சொல்லுங்க, ஜீப்புல இடம் கம்மி. குமுளியிலேர்ந்து ஏறுறவங்களுக்கு நான் இருக்கேன். பளியன்குடியிலேர்ந்து நடந்து ஏறுறவங்க தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க. வேங்கடத்தான் தம்பி, நீ வந்தா முன்சீட்டு உனக்கு. வர்ற வழியெல்லாம் காட்டிக்கிட்டே வரணும்.